பழைய சைஸ்மிக் லைன்களை மூடிக் கரிபு வாழிடத்தை மீட்பது: ஆல்பர்ட்டா களத்துக்கான முழு வழிகாட்டி

கனடாவில் வனவியலோ சுற்றுச்சூழலோ படித்துவிட்டு, வடக்கு ஆல்பர்ட்டாவில் கரிபு (வட அமெரிக்கக் குளிர்நிலத்தில் வாழும் பெரிய மான் இனம்) வாழிட மீட்பு வேலையில் முதன்முறையாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்டுதோறும் புதிதாக வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். படிப்பு போதாமல் விழுவதில்லை, வரிசை மாறித்தான் விழுகிறார்கள். எக்ஸ்கவேட்டர் காட்டுக்குள் இறங்குவது கடைசிக் கால்பங்கு வேலை. முன்னால் இருக்கும் முக்கால்பங்கைத் தாண்டிக் குதித்தால், நட்ட மரக்கன்று சில ஆண்டுகளில் தண்ணீரில் அழுகிக் கிடக்கும்.

சைஸ்மிக் லைன் என்பது எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்காகக் காட்டை நேர்கோட்டில் வெட்டிய தடம். பழைய லைன்கள் புல்டோசரால் 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்கு வெட்டப்பட்டவை. பல பத்தாண்டுகள் கழிந்தும், ஈரநிலத்தில் அவற்றில் பெரும்பாலானவை மரமில்லாமல் திறந்தே கிடக்கின்றன.

1. கரிபுவுக்கு என்ன ஆபத்து என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

நாம் பேசுவது வடக்கே பெருங்கூட்டமாக இடம்பெயரும் கரிபுவைப் பற்றி இல்லை. போரியல் காட்டுக்குள் (வடக்கின் குளிர்ந்த ஊசியிலைக் காடு) ஆண்டு முழுவதும் சிறு குழுக்களாகச் சிதறி வாழும் காட்டுக் கரிபுவைப் பற்றி. கனடாவின் அழிவாய்ப்பு இனங்கள் சட்டத்தில் இது ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்ற வகையில் இருக்கிறது.

புதியவர்களிடம் ‘கரிபு ஏன் குறைகிறது?’ என்று கேட்டால், தின்ன லைக்கன் (மரத்திலும் தரையிலும் படரும், பாசி போலத் தோன்றும் உயிர்) இல்லை என்பார்கள். வயதான காட்டின் லைக்கன் அதற்குத் தேவைதான். ஆனால் ஆல்பர்ட்டாவில் அதைக் குறைப்பது பெரும்பாலும் ஓநாய்தான். ஓநாய்க்கு வழிவிட்டது நாம் வெட்டிய காடு.

நடப்பது இதுதான். மரம் வெட்டிய இடத்தில் வில்லோவும் ஆஸ்பெனும் புல்லும் தளிர்க்கின்றன. அவற்றைத் தின்ன மூஸும் (மிகப் பெரிய மான் இனம்) வெள்ளைவால் மானும் பெருகுகின்றன. அவற்றை நம்பி ஓநாய் பெருகுகிறது. பெண் கரிபு ஆண்டுக்கு ஒரே ஒரு கன்றுதான் ஈனும், அதனால் இந்த இழப்பை அதனால் ஈடுகட்ட முடியாது. ஓநாய் வராத சதுப்புக்குள் ஒதுங்கி வாழ்வதே அதன் தற்காப்பு. அந்தச் சதுப்புக்குள் நேராக ஒரு சாலையைப் போட்டுக் கொடுத்தது சைஸ்மிக் லைன். திறந்த லைனில் ஓநாய் காட்டுக்குள் நடப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக நடக்கும்.

இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் எடுக்கும் முடிவுகள் பலவும் தானாக அமையும். உதாரணமாக, வேகமாக வளரும் என்பதற்காக லைனில் வில்லோ நடலாமா என்று ஒவ்வொரு பருவமும் யாராவது கேட்கிறார்கள். நட்டால் கரிபுவின் வீட்டுக்குள் மூஸுக்கு விருந்து வைத்தது போல ஆகும்.

2. வாழிட எல்லையின் கணக்கை எடுங்கள்

கரிபு வாழிடம் ‘ரேஞ்ச்’ என்ற எல்லைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2012-இல் வந்த மத்திய அரசின் மீட்பு உத்தி போரியல் கரிபுவுக்கு 51 ரேஞ்சுகளைக் குறித்தது. ஒரு ரேஞ்சில் குறைந்தது 65 சதவீதம் குலையாத வாழிடம் இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். 65-ஐ எட்டினாலும் கூட்டம் தானே தாக்குப்பிடிக்க 60 சதவீத வாய்ப்புதான். எனவே 65 என்பது சொகுசான இலக்கு இல்லை, கீழ்வரம்பு.

‘குலைந்தது’ என்பதற்கு இரண்டு அடையாளங்கள். மனிதன் வெட்டிய எதுவும், அதைச் சுற்றி 500 மீட்டரும் சேர்த்து. அடுத்து, கடந்த 40 ஆண்டுகளுக்குள் தீயில் எரிந்த காடு. இந்த 500 மீட்டர் விதியை மனதில் ஆணியடித்து வையுங்கள். நான்காம் படி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

2012 கணக்கில் லிட்டில் ஸ்மோக்கி ரேஞ்சில் 95 சதவீதம் குலைந்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எல்லா லைனையும் மூடுகிறேன் என்று கிளம்பினால் ஆயுள் போதாது. எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி.

3. வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன் ஆட்களைப் பாருங்கள்

முடிந்த வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய் ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்பது நான் அதிகம் பார்த்த தவறு. முடிவு எடுத்துவிட்டு வந்தவர்களிடம் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள். வெற்று வரைபடத்தோடு போங்கள்.

முதலில் முதற்குடிகள். அந்த நிலம் ட்ரீட்டி 6, ட்ரீட்டி 8 போன்ற உடன்படிக்கைகளின் கீழ் வருவது. வேட்டையும் வழித்தடமும் அவர்களது உரிமை. க்ரீ, டெனே மூத்தோருக்குக் கரிபு எந்தச் சதுப்பில் கன்று ஈனும், எந்தத் தடம் மூதாதையர் நடந்த பாதை என்பது தெரியும். எந்த ஜிஐஎஸ் (கணினி வரைபட) அடுக்கிலும் அது இருக்காது. அவர்கள் சொல்லும் கன்று ஈனும் இடங்களை அவர்கள் அனுமதி இல்லாமல் எந்த அறிக்கையிலும் அச்சிடாதீர்கள்.

அடுத்து, பொறி வைத்து வேட்டையாடும் டிராப்பர். பதிவு செய்த அவரது டிராப்லைன் (பொறிகளை வைக்கும் தடம்) பெரும்பாலும் பழைய சைஸ்மிக் லைன் மேலேயே ஓடும். கேட்காமல் மூடினால் அவர் பிழைப்பில் மண் விழும், மறு குளிர்காலமே தடம் திரும்பவும் திறந்துகொள்ளும். அவருக்கு ஒரு பிரதானத் தடத்தை விட்டு, மற்ற கிளைகளை மூட ஒப்புதல் வாங்குங்கள். விடும் தடத்தையும் ஸ்னோமொபைல் அகலத்துக்குக் குறுக்கி வளைத்து விட்டால் ஓநாய்க்கு நீண்ட பார்வை கிடைக்காது.

மூன்றாவதாக, நிலத்தில் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள்: எண்ணெய், எரிவாயு, மரம். இன்னும் சில ஆண்டுகளில் வெட்டப்போகும் காட்டுக்குள்ளோ மறுபடி ஆய்வு செய்யப்போகும் இடத்திலோ இருக்கும் லைனை மூடுவது வீண். என் ஆரம்ப காலத்தில் நாங்கள் மேடு போட்டு நட்ட ஒரு லைனை, இரண்டு குளிர்காலம் கழித்து வேறொரு குழு குளிர்காலச் சாலைக்காக வழித்து எடுத்துவிட்டது. அவர்களிடம் முறையான அனுமதி இருந்தது. அவர்களது அடுத்த பத்தாண்டுத் திட்டத்தை நாங்கள் கேட்கவில்லை. அந்த மரக்கன்றுகளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

4. எந்த லைன் முதலில்: 500 மீட்டர்க் கணக்கு

காட்டுக்குள் தனியாக ஓடும் ஒரு கிலோமீட்டர் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் 500 மீட்டர் என்றால் அது குலைத்திருக்கும் பரப்பு 100 ஹெக்டேர். லைன் 6 மீட்டர் அகலம் என்றால் அதன் சொந்தப் பரப்பு வெறும் 0.6 ஹெக்டேர். 0.6 ஹெக்டேரில் வேலை செய்து 100 ஹெக்டேரை மீட்கலாம்.

இப்போது அதற்கு இணையாக 400 மீட்டர் தள்ளி இன்னொரு லைன் ஓடுகிறது என்று வையுங்கள். முதல் லைனை மட்டும் மூடினால் 40 ஹெக்டேர்தான் விடுபடும். மீதி 60 ஹெக்டேரை இரண்டாவது லைனின் 500 மீட்டர் பிடித்து வைத்திருக்கும். செலவு அதே, பலன் பாதிகூட இல்லை.

ஆகவே லைனைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு நிலத்துண்டைத் தேர்ந்தெடுங்கள். ரேஞ்சில் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய குலையாத துண்டைக் கண்டுபிடித்து, அதன் விளிம்பிலிருந்து வெளிப்புறமாக, விட்டு விட்டு இல்லாமல் அடுத்தடுத்து மூடிக்கொண்டு போங்கள். அந்தத் துண்டுக்குள் இருக்கும் ஒற்றை லைன்கள் முதலில் வரட்டும். நிரந்தரச் சாலை, குழாய்வழி, எண்ணெய்க் கிணற்று மேடை இவற்றுக்கு 500 மீட்டருக்குள் இருக்கும் லைன்களை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளுங்கள்.

இங்கே எல்லோரையும் இழுக்கும் ஆசை ஒன்று உண்டு. குளிர்காலச் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் லைன்களில் செலவு குறைவு, அறிக்கையில் கிலோமீட்டர் எண்ணிக்கை அழகாக ஏறும். ஆனால் ரேஞ்சின் குலையாத சதவீதம் அசையவே அசையாது. உங்கள் மேலாளருக்குக் கொடுக்கும் அட்டவணையில் ‘முடித்த கிலோமீட்டர்’ என்பதற்குப் பக்கத்தில் ‘விடுபடும் ஹெக்டேர்’ என்று ஒரு பத்தியை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். எது கண்ணில் படுகிறதோ அதற்குத்தான் பணம் வரும். அந்த ஹெக்டேரும் கன்று நட்ட அன்றே கணக்கில் சேராது, காடு திரும்பினால்தான் சேரும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

5. கோடையில் லைனை நடந்து பாருங்கள்

லைடார் (வானிலிருந்து லேசரால் அளப்பது) தரவில் மரத்தின் உயரம் தெரியும், நீர்மட்ட வரைபடத்தில் ஈரம் தெரியும். இரண்டையும் வைத்து ஒரு வரைவு தயாரியுங்கள், ஆனால் அதை வைத்து இயந்திரத்தை அனுப்பாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம்மூரில் சொல்வது மஸ்கெக் என்னும் இந்தப் பாசிச் சதுப்புக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

குளிர்காலத்தில் பனி மூடிய பிறகு போக் (மழைநீரை நம்பிய பாசிச் சதுப்பு) எது, ஃபென் (நிலத்தடி நீரும் வந்து சேரும் சதுப்பு) எது, கெட்டி நிலம் எது என்று பிரிக்க முடியாது. அதனால் களப்பார்வை ஜூலை, ஆகஸ்டில். கையோடு ஒரு நீண்ட கம்பி கொண்டுபோய்ப் பாசிமண்ணுக்குள் செருகிப் பாருங்கள். எவ்வளவு ஆழத்தில் கனிம மண் தட்டுகிறது, தண்ணீர் எத்தனை விரற்கடை கீழே நிற்கிறது, தண்ணீர் தேங்கி நிற்கிறதா ஓடுகிறதா, குவாட் (காட்டில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) தடம் உண்டா என்று குறியுங்கள். நிலத்தன்மை மாறும் இடத்திலெல்லாம் லைனைத் துண்டாக்குங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் நாலைந்து துண்டு வருவது சாதாரணம்.

ஏற்கெனவே தோளுயரத்துக்கு ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) அடர்ந்து எழுந்திருக்கும் துண்டு கண்ணில் பட்டால் ‘கை வைக்காதே’ என்று குறியுங்கள். இயந்திரம் அங்கே நுழைந்தால் இருபது ஆண்டு வளர்ச்சியை ஒரே மதியத்தில் மிதித்துவிடும். அதைத் தாண்டித்தான் அடுத்த துண்டுக்குப் போக வேண்டும் என்றால், அந்த அடுத்த துண்டையே விட்டுவிடுவது நல்லது.

6. நிலத்துக்கேற்ற சிகிச்சை

போக், ஏழை ஃபென் (கருப்பு ஸ்ப்ரூஸ் வளரும் பாசிச் சதுப்பு): இங்கேதான் மவுண்டிங் (மண்ணைத் தோண்டி மேடு போடுவது) தேவை. இயற்கையான சதுப்பில் பாசித் திட்டுகளும் குழிகளுமாக நிலம் மேடுபள்ளமாக இருக்கும். ஸ்ப்ரூஸ் விதை திட்டின்மேல் விழுந்து, வேர் நனைந்து மூச்சடைக்காமல் பிழைக்கும். புல்டோசர் அந்தத் திட்டுகளைச் சீவித் தட்டையாக்கிவிட்டது. தண்ணீர் தரையோடு நிற்கிறது. லைனில் மரம் வராததற்கு முதல் காரணம் இதுதான், விதைப் பஞ்சம் இல்லை.

எக்ஸ்கவேட்டர் ஒரு வாளி மண்ணைத் தோண்டிப் பக்கத்தில் கவிழ்த்தால் ஒரு மேடு, ஒரு குழி. மேட்டில் கன்று. தண்ணீர் நிற்கும் குழி நடையையும் வண்டியையும் மறிக்கும். ஹெக்டேருக்கு 800 மேடு என்று வைத்தால் நம் 6 மீட்டர் லைனுக்குக் கிலோமீட்டருக்கு 480 மேடு. வரிசையாகப் போடாதீர்கள், வரிசைகளுக்கு நடுவே நேர் நடைபாதை உருவாகிவிடும். பாசிமண் மேடு கரைந்து அமுங்கும் என்பதால், வேண்டிய உயரத்தைவிடக் கூட்டியே போடுங்கள். இயற்கைத் திட்டுகள் மிஞ்சியிருந்தால் அவற்றைத் தோண்டக்கூடாது.

வளமான ஃபென்: தண்ணீர் மெல்ல ஓடும் சதுப்பு. இங்கே மேடு மூழ்கும், குழி நீரோட்டத்தைக் கெடுக்கும். ஓரளவு கெட்டியான பகுதியில் டமராக் (ஈரநிலத்தில் வளரும் ஊசியிலை மரம்) நடலாம். மற்ற இடத்தில் பக்க மரங்களைச் சாய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாச் சதுப்பிலும் மேடு போடச் சொல்லும் ஒப்பந்தம் தவறான ஒப்பந்தம்.

மணற்பாங்கான ஜாக் பைன் மேட்டுநிலம்: வண்டிப் போக்குவரத்தை நிறுத்தினாலே பெரும்பாலும் காடு தானே திரும்பும். தரையில் லைக்கன் படர்ந்திருக்கும், அதன்மேல் இயந்திரத்தை ஏற்றாதீர்கள். ஏறிய இடத்தில் அது திரும்பப் படரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஈரப்பதமான மேட்டுநிலம்: மண் இறுகியிருக்கும், புல் அடர்ந்து கன்றை நெரிக்கும். மண்ணைத் தளர்த்திக் கனிம மண் மேலே தெரியும்படி கவிழ்த்து வெள்ளை ஸ்ப்ரூஸ் நடுங்கள்.

மரம் சாய்ப்பது எல்லா நிலத்துக்கும் பொது. ஓரத்தில் நிற்கும் மரத்தை வேரோடு மெல்லத் தள்ளி லைனுக்குக் குறுக்கே சாய்த்தால், சில மரங்கள் சாய்ந்தபடியே உயிரோடிருக்கும். பார்வையும் நடையும் அன்றே மறிபடும். அளவோடு சாய்க்க வேண்டும். ஓர மரங்களை அதிகம் எடுத்தால் நாமே லைனை அகலப்படுத்தியவர்கள் ஆவோம். கிடக்கும் கட்டைகளைப் பரப்பும்போது தீ தொடர்ந்து ஓடாதபடி இடைவெளிகள் விடுங்கள். லைன் சாலையைச் சந்திக்கும் முதல் சில நூறு மீட்டரில் மட்டும் மிக அடர்த்தியாகப் போடுங்கள். குவாட் ஓட்டுகிறவர் அந்த வாயில் அடைபட்டிருந்தால்தான் திரும்பிப் போவார். உள்ளே நுழைந்துவிட்டால் சுற்றி ஒரு வழி கண்டுபிடிப்பார்.

7. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆல்பர்ட்டாவில் கன்று அந்தந்த விதை மண்டலத்து (விதை எடுக்கவும் நடவும் வகுத்த பகுதி) விதையிலிருந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும். அந்த விதை கையிருப்பில் இல்லாவிட்டால் பணம் கொடுத்தும் வாங்க முடியாது. எனவே நர்சரிக்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகு கன்று தேடுகிறவர்கள், கிடைத்ததை நட்டு வருந்துகிறார்கள்.

கரிபு ரேஞ்சில் தொழில்வேலைக்குச் சொல்லும் விதி: சீக்கிரம் உள்ளே போ, சீக்கிரம் வெளியே வா. குளிர்காலத்தின் பின்பகுதியில் சினைக் கரிபு மெலிந்திருக்கும். மே முதல் ஜூன் தொடக்கம் வரை கன்று ஈனும் காலம். அனுமதிக் கடிதத்தில் இருக்கும் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னரே இயந்திரம் வெளியேறுவதாகத் திட்டமிடுங்கள். பறவைகள் கூடுகட்டும் வசந்தத்திலும் கோடையிலும் மரம் சாய்ப்பதையும் தவிருங்கள். தோண்டும் இடத்தில் புதைகுழாய் உண்டா என்பதை எழுத்தில் உறுதி செய்யாமல் வாளி மண்ணைத் தொடக்கூடாது.

8. குளிர்கால வேலை

பனி ஒரு போர்வை. தூளாகக் கிடந்தால் அடியில் நிலம் உறையாது. எனவே முதலில் இலகுவான வண்டியால் பனியை மிதித்து இறுக்கி, குளிர் கீழே இறங்க நாட்கள் கொடுங்கள். அவசரப்பட்டு எக்ஸ்கவேட்டரை இறக்கினால், அதை மேலே தூக்க இன்னொரு எக்ஸ்கவேட்டர் வேண்டும். அந்த மீட்பு வேலை சதுப்பைக் குலைக்கும் அளவு, லைனை வெட்டியவர்கள் குலைத்ததற்குக் குறையாது.

இயந்திரத்தைக் கழுவிய பிறகே காட்டுக்குள் விடுங்கள், சக்கரச் சங்கிலியில் ஒட்டிய களைவிதை உள்ளே வரக்கூடாது.

வேலையைக் கடைக்கோடியிலிருந்து தொடங்குங்கள். லைனின் முடிவு வரை வெறுமனே போய், அங்கிருந்து சாலையை நோக்கிப் பின்வாங்கியபடியே மேடு போட்டு, கட்டை பரப்பி, மரம் சாய்த்துக்கொண்டு வாருங்கள். வாசலில் தொடங்கினால் போட்ட மேட்டின் மேலேயே திரும்பி வர வேண்டியிருக்கும். கேட்டால் எளிது. ஆனாலும் கிளை பிரியும் இடங்களில் இந்த வரிசையைத் தவறவிடாத புதியவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். காலையில் ஓட்டுநருடன் உட்கார்ந்து, அன்றைய லைன்களுக்கு எண் போட்டுக் கொடுங்கள்.

மேட்டுக்குள் பனிக்கட்டியைச் சேர்த்து வைக்காதீர்கள். ஏப்ரலில் அது உருகினால் மேடு பாதியாகும். தோண்டும் இடத்தில் பனியை ஒதுக்கிவிட்டு, கீழே இருக்கும் பாசியைச் சீவாமல், ஒரே வாளியில் முழுத் துண்டாக எடுத்துக் கவிழ்க்கும் ஓட்டுநர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். திட்டத்தின் தரம் பாதி அவர் கையில்.

வேலையிடத்தில் கரிபு தென்பட்டால் இயந்திரத்தை அணைத்து, அது தானாக நகரும்வரை காத்திருங்கள். ஆழ்ந்த பனியில் ஓடவிட்டால் அது செலவழிக்கும் கொழுப்பு அதன் வயிற்றிலிருக்கும் கன்றுக்கு உரியது.

9. நடவு

உறைந்த கன்றைக் குளிர்காலத்திலேயே புது மேட்டில் நடலாம், அல்லது கோடையில் ஹெலிகாப்டரில் போய் நடலாம். முன்னது மலிவு, கன்றும் தேறும். ஆனால் அமுங்கப்போகும் மேட்டின் இறுதி உயரம் அப்போது தெரியாது. ஆழமான சதுப்பில் பணம் இருந்தால் நான் கோடையையே தேர்ந்தெடுப்பேன். எந்த மேடு நின்றது, எது மூழ்கியது என்று கண்ணால் பார்த்து நடலாம். மேட்டின் உயர்ந்த தோளில் நடுங்கள், குழியின் விளிம்பில் வேண்டாம். வேர்க்கட்டி முழுதும் உள்ளே போக வேண்டும். வெளியே நீட்டிய பாசிமண் திரிபோல ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டு வேரை உலர்த்தும்.

10. கண்காணிப்பும் எதிர்பார்ப்பும்

தானியங்கிக் கேமராவை வேலை தொடங்குவதற்கு முன்பே, மூடப்போகும் லைனிலும் மூடாமல் விடும் லைனிலும் மாட்டுங்கள். வேலை முடிந்த பிறகு மாட்டினால் ஒப்பிட எதுவும் இருக்காது. மரக்கன்று பிழைத்ததா என்பதை இரண்டாம் ஆண்டிலும், உயரத்தையும் அடர்த்தியையும் ஐந்தாம், பத்தாம் ஆண்டிலும் பாருங்கள். செடி அரை மீட்டரைத் தாண்டினால் ஓநாயின் வேகம் குறையத் தொடங்கும். காட்டுக்குள் நடக்கும் வேகத்துக்கு அது இறங்க மரம் நான்கு மீட்டர் அளவுக்கு வளர வேண்டியிருக்கும். சதுப்பில் கருப்பு ஸ்ப்ரூஸ் அந்த உயரத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

எனவே ஐந்தாண்டில் கரிபு பெருகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இடைப்பட்ட காலத்தைத் தாக்குப்பிடிக்க வேறு வழிகளும் கூடவே ஓட வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெஸ்ட் மோபர்லி, சோல்டோ முதற்குடிகள் கிளின்சே-ஸா மலைக்கரிபுவுக்குச் செய்தது இதற்குச் சான்று. சினைக் கரிபுகளை வேலிக்குள் காத்தார்கள், ஓநாயைக் குறைத்தார்கள், வாழிடத்தையும் மீட்டார்கள். 2013-இல் 40-க்கும் குறைவாக இருந்த கூட்டம் பத்து ஆண்டுக்குள் 100-ஐத் தாண்டியது. ஓநாயைக் குறைப்பது மட்டுமே நடந்து காடு திரும்பாவிட்டால், அதை நிறுத்தும் நாள் என்று ஒன்று வரவே வராது. லிட்டில் ஸ்மோக்கியில் அது 2005 முதல் நடக்கிறது.

11. முடித்த லைனைப் பதிவில் ஏற்றுங்கள்

பருவம் முடிந்த களைப்பில் எல்லோரும் விட்டுவிடும் படி இது. எந்த லைன், எந்தத் துண்டு, என்ன சிகிச்சை, எத்தனை மேடு, எந்த விதை மண்டலத்துக் கன்று, என்ன தேதி என்பதை ஜிபிஎஸ் கோட்டோடு மாகாண அரசிடம் ஒப்படையுங்கள். மூன்றாம் படியில் பேசிய நிறுவனங்கள், முதற்குடிகள், டிராப்பர் ஒவ்வொருவருக்கும் பிரதி கொடுங்கள். பனி மூடிய லைனில் அரையடிக் கன்று யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்து அனுமதி கேட்டு வரும் குழுவின் வரைபடத்தில் அந்தக் கோடு இருந்தால்தான் அதன்மேல் புல்டோசர் ஏறாது. ஏப்ரல் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். ஓட்டுநரின் கைக்குறிப்பு வண்டியின் முன்தட்டில் வெயிலில் வெளுப்பதற்கு முன்.